தம் கட்டுவது வேறு, மூச்சு விடுவது வேறு

காட்பாடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஒரு வருஷ நீச்சல் பயிற்சியில் உன்னிடம் பழகும் பையன் ஒருவனுக்கு, ஊதி நுரையீரல் கொள்ளளவை அளக்கும் ஸ்பைரோமீட்டரில் 300 மில்லி கூடியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் அவன் உயரத்தையும் அளந்தாயா? 12, 13 வயதில் உயரம் ஏற ஏற, நீந்தாத பிள்ளைக்கும் நுரையீரல் பெரிதாகும். ஊதுகிற விதமும் கணக்கைக் கெடுக்கும். மூக்கில் கிளிப் போட்டு மூன்று தடவை ஊதச் சொல். பெரிய இரண்டு அளவுகளுக்குள் 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி ஊதவேண்டும்.

பயிற்சியின் பலன் தெரிவது நீந்தும்போதுதான். நம் பக்கத்தில் நிறையப் பிள்ளைகள் விவசாயக் கிணற்றில் பழகியவர்கள். தம் கட்டி முங்குவதில் கெட்டிக்காரர்கள். குப்புற நீந்தி, கைகளை மாறி மாறி வீசும் ஃப்ரீஸ்டைலில் அந்தப் பழக்கமே வினையாகிறது. முகம் தண்ணீருக்குள் இருக்கும்வரை தம்மைப் பிடித்துக்கொள்கிறார்கள். தலை திரும்புகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் மூச்சை விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும், இரண்டும் அரைகுறை. கரியமில வாயு தேங்கி 25 மீட்டரிலேயே மூச்சு முட்டுகிறது. பதறித் தலையைத் தூக்கினால் இடுப்பு இறங்கிவிடும்.

முதல் இரண்டு வாரம் சுவரைப் பிடித்தபடி 20 தடவை செய்யட்டும்: மூன்று எண்ணும்வரை மூக்கிலும் வாயிலும் சீராகக் குமிழி விட்டு, ஒரு காதும் நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கமும் தண்ணீரிலேயே இருக்கத் தலையைத் திருப்பி ஓர் இழுப்பு. குமிழியை நீ பக்கத்தில் நின்று பார். திரும்பும் முன் ஒரே கொத்தாக வெடித்து வந்தால் இன்னும் தம் கட்டுகிறான் என்று அர்த்தம். சரியானபின் 50 மீட்டர் எட்டு முறை, நடுவே 30 நொடி ஓய்வு, மூன்று கைவீச்சுக்கு ஒரு மூச்சு. வாரம் ஒருமுறை நேரத்தையும், நின்றவுடன் 10 நொடி நாடித்துடிப்பையும் குறித்துவை. முன்பு எடுத்த அதே நேரத்தில் நீந்தி முடித்தும் துடிப்பு குறைந்திருந்தால்தான் முன்னேற்றம்.

ஒன்றை மட்டும் அடியோடு நிறுத்து: வேக வேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்கு நீச்சல் போட்டி. கரியமில வாயு குறைந்துவிடுவதால் மூச்சுக்குத் தவிப்பு வராது. அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து பிள்ளை தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடும். இடுப்பளவுத் தண்ணீரிலும் இது நடக்கும்.

குளத்தில் நெடி தூக்கினால் குளோரின் அதிகம் என்று நினைக்காதே. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து கிளம்புகிற நெடி அது, மூச்சுக்குழாயில் எரிச்சல் உண்டாக்கும். சோப்புப் போட்டுக் குளித்தபிறகே இறங்கட்டும். இருமலோ இழுப்போ வருகிற பிள்ளைக்கு ரவுண்டு கூட்டாமல் டாக்டரிடம் காட்டச் சொல்.

அந்தப் பையனின் போன வருஷ உயரம் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். பார்த்து எழுது.

அன்புடன்,
உன் நண்பன்