பியானோவைத் தூக்கியவர்களுக்கும் சுருதி கூட்டியவருக்கும் நன்றி

அன்புடையீர்,

வீணை வித்துவான் தன் வீணையோடு வருவார். வயலின்காரர் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். பியானோக் கலைஞர் மட்டும் வெறுங்கையோடு வந்து, அந்த ஊரில் எது இருக்கிறதோ அதில்தான் வாசிக்க வேண்டும். பியானோ மேதை விளாதிமிர் ஹொரோவிட்ஸ் 1986இல் மொஸ்கோவுக்குத் தன் சொந்த ஸ்டைன்வே பியானோவையே கொண்டுபோனார். அந்த வசதி வெகு சிலருக்கே வாய்க்கும். மற்றவர்கள், வருடக்கணக்காகச் சாதகம் செய்த விரல்களை அன்று காலையில்தான் முதன்முதல் தொடும் ஒரு வாத்தியத்தை நம்பி ஒப்படைக்கிறார்கள். அதனால்தான், கடந்த சனிக்கிழமை நடந்த பியானோக் கச்சேரியில் கிடைத்த கைதட்டலில் பெரும் பங்கு மேடையேறாதவர்களுடையது.

முதலில், தன் வீட்டுக் கிராண்ட் பியானோவைத் தந்துதவிய டச்பே கடற்கரை அம்மாவுக்கும், அதைத் தூக்கிய தம்பிமார் ஆறு பேருக்கும். ஏறத்தாழ 300 கிலோ. பெடல் சட்டத்தையும் மூடியையும் கழற்றி, இடப்பக்க முன்காலை எடுத்து, அந்த மூலையைச் சாக்கு விரித்த பலகையில் மெல்ல இறக்கி, நேரான நீண்ட பக்கம் கீழாக வர நிமிர்த்திய பிறகே மற்ற இரண்டு கால்களையும் கழற்றினார்கள். அவசரப்பட்டுக் காலோடு தள்ளியிருந்தால் கால் பொருத்தும் இடம் பிளந்திருக்கும். லொறியில் படுக்க வைக்காமல் நிறுத்தியே கட்டிக் கொண்டுவந்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை.

கொழும்பிலிருந்து வந்த சுருதி மாஸ்டருக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. கடலோர வீட்டில் நெடுநாள் இருந்த பியானோ; கம்பிகளில் துரு, சுருதியோ ஏறத்தாழ கால் சுரம் கீழே. 230க்குக் கிட்டிய கம்பிகள், எல்லாம் சேர்த்துப் பதினெட்டுத் தொன் அளவு இழுவிசை. துருப்பிடித்த கம்பியை நேரே முறுக்கினால் அறுந்துவிடும். மாஸ்டர் ஒவ்வொரு முறுக்காணியையும் முதலில் ஒரு மயிரிழை தளர்த்தினார். கம்பி தங்கும் இடங்களில் துரு பிடித்த பிடி 'டிக்' என்று விடுபடும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் ஏற்றினார். அப்படியும் மேல்ஸ்தாயியில் இரண்டு அறுந்தன. கையோடு கொண்டுவந்த கம்பியால் மாற்றினார். செம்பு சுற்றிய கீழ்ஸ்தாயிக் கம்பிகள் அளவு கொடுத்துச் செய்விக்க வேண்டியவை. அவற்றில் ஒன்று போயிருந்தால் கச்சேரியே இல்லை.

ஒரே சுற்றில் சுருதி நிற்காது. இழுவிசை கூடக்கூட, கம்பிகளின் அதிர்வைப் பெருக்கும் மரத்தாலான ஒலிப்பலகை அழுந்தும், முதலில் கூட்டியவை மறுபடி இறங்கும். இரண்டு சுற்று ஏற்றி, இரண்டு நாள் விட்டு, 440 ஹெர்ட்ஸ் இசைக்கவையை வைத்து மூன்றாம் முறை நுணுக்கமாகக் கூட்டினார். விரலால் அழுத்தும் கட்டைகளில் ஈரத்தில் இறுகிய பதினொன்றுக்கு எண்ணெய் விடவேயில்லை. உள்ளே இருக்கும் கம்பளித் துணியைக் குறட்டால் அளவாக நெரித்தே இளக்கினார். வீட்டில் பியானோ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்: எண்ணெய் விட்டால் அன்றைக்கு இளகும், பிறகு தூசும் சேர்ந்து இன்னும் இறுகும்.

மண்டபப் பொறுப்பாளர் ஐயா ஏசியைக் காலையிலிருந்தே ஒரே அளவில் ஓடவிட்டார். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் இந்த நாட்களில் பகலில் காற்று காய்ந்திருக்கும், பொழுதுபட்டால் கடலீரம் ஏறும். ஈரம் குறைந்தால் ஒலிப்பலகை சுருங்கி, நடு ஸ்தாயிதான் முதலில் இறங்கும். பலர் கச்சேரிக்கு அரை மணிக்கு முன் ஏசியைப் போட்டு, கூட்டிய சுருதியைக் கெடுத்துவிடுவார்கள். மேடை விளக்கின் சூடும் அப்படித்தான். அதனால் கடைசிச் சுருதியை விளக்கைப் போட்டுக்கொண்டே பார்த்தார்கள்.

பியானோ வாங்கின் உயரம் போதவில்லை என்றதும் அதன் கால்களுக்குக் கீழே வைக்க மரத்துண்டு சீவித் தந்த தச்சர் அண்ணாவுக்கும் நன்றி. முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வராவிட்டால் ஒரு மணி நேரத்தில் தோள் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாம் பாதியில், வயலினோடு வாசித்தபோது தாள் புரட்டிய தங்கச்சியை எத்தனை பேர் கவனித்தீர்களோ! இடப்பக்கம் இருந்து, கடைசி வரிக்கு முன்பே எழுந்து, இடக்கையால் மேல் மூலையைப் பிடித்துத் தலையசைப்புக்குக் காத்திருந்தார். திரும்ப வாசிக்கும் இடங்களைப் பென்சிலால் முன்கூட்டியே குறித்திருந்தார். இரண்டு தாள் ஒன்றாகப் புரண்டால் இருவரும் நின்றுவிடுவார்கள். ஒருமுறைகூட அப்படி நடக்கவில்லை.

மெதுவான பகுதி முடியும்வரை வாசலில் எஞ்சினை நிறுத்தி வைத்த ஓட்டோ அண்ணாமாருக்கும், அன்று மாலை ஒலிபெருக்கியைத் தணித்த பக்கத்துக் கோயில் நிர்வாகத்தாருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசிச் சுரம் பெடலில் கரைந்து அடங்கும்வரை கைதட்டாமல் காத்திருந்த சபைக்கும்.

பியானோ இப்போதைக்கு மண்டபத்திலேயே நிற்கிறது. மேலே பூச்சாடி, தண்ணீர்க் குவளை எதுவும் வைக்க வேண்டாம். மாரி தொடங்க முன் இன்னொரு தடவை வருவதாக மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.

இங்ஙனம்,
கச்சேரி ஒழுங்கமைப்புக் குழுவினர்,
திருகோணமலை.