அமெரிக்கக் காவலர் ஒப்பந்தம்: சம்பளப் பட்டியலுக்கு அடுத்த பக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் அத்துமீறிய ஒரு காவலர் வேலையிழந்து, ஓரிரு ஆண்டு கழித்து நிலுவைச் சம்பளத்தோடு அதே சீருடைக்குத் திரும்பினார் என்று செய்தி வரும்போதெல்லாம், 'தொழிற்சங்கம் காப்பாற்றிவிட்டது' என்ற ஒரே வரியில் நம் பத்திரிகைகள் கதையை முடித்துவிடுகின்றன. அது பாதி உண்மைதான். சங்கம் கேட்டது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது மாநகராட்சி. எதைக் கொடுத்தது என்பது சங்கமும் மாநகராட்சியும் பேரம் பேசிப் போடும் பணி ஒப்பந்தத்தின் சம்பளப் பட்டியலைத் தாண்டினால்தான் கண்ணில் படும்.

முதலில், 'அமெரிக்கக் காவலர் சங்கம்' என்று ஒன்றாகப் பேசுவதே தவறு. 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் மாநில, உள்ளாட்சி ஊழியர்களைத் தொடவே இல்லை. எனவே மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். வட கரோலினாவில் உள்ளாட்சி ஊழியர்களோடு போடும் கூட்டுப்பேர ஒப்பந்தம் செல்லாது. டெக்சாஸில் அந்தந்த ஊர் வாக்காளர்கள் தேர்தலில் ஒப்புக்கொண்டால் காவலர்கள் பேரம் பேசலாம். விஸ்கான்சின் 2011-ல் மற்ற அரசு ஊழியர்களின் பேர உரிமையை வெட்டியபோது, காவலரையும் தீயணைப்பு வீரரையும் விட்டுவைத்தது. நியூயார்க் நகரிலோ, ஒழுங்கு நடவடிக்கை பேரத்துக்குரிய விஷயமே அல்ல, அது காவல் ஆணையரின் அதிகாரம் என்று மாநிலத்தின் உச்சபட்ச நீதிமன்றமான மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-ல் தீர்த்துவிட்டது.

மாநகராட்சி ஏன் விட்டுக்கொடுக்கிறது? ஒரு சதவீதச் சம்பள உயர்வு அந்த ஆண்டு பட்ஜெட்டிலேயே இடிக்கும். ஓய்வூதியக் கணக்கிலும் ஏறும். 'பழைய தண்டனைப் பதிவுகளை அழித்துவிடலாம்' என்ற ஒரு பிரிவுக்கு அந்த ஆண்டு ஒரு டாலர் கூடச் செலவில்லை. பணமில்லாத ஆண்டுகளில் மேயர்கள் பேரத்தில் தள்ளிய சரக்கு இதுதான். அதற்கான பில் நஷ்டஈட்டு வழக்குகளாக வந்து சேரும்போது, கையெழுத்திட்டவர் பதவியில் இருக்கமாட்டார்.

ஆள் எடுப்பதில் ஒப்பந்தத்தின் பிடி குறைவு. யாரை எடுப்பது என்பது பெரும்பாலும் நிர்வாக உரிமை. சங்கம் பேசுவது ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்காக. ஆனால் ஒரு பிரிவைத் தவறவிடக் கூடாது: தகுதிகாண் காலம். அந்தக் காலத்தில் பொதுவாக 'நியாயமான காரணம்' நிரூபிக்காமலேயே, தண்டனை சரியா என்று மறுபடி பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வெளி நடுவரிடம் மேல்முறையீடு இல்லாமலேயே ஒருவரை அனுப்பிவிடலாம். தகுதிகாண் காலம் பன்னிரண்டு மாதம் என்று போட்டு, அதை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் என்ன ஆகும்? பயிற்சிக் கல்லூரி ஆறு மாதத்தைத் தின்றுவிடும். களப்பயிற்சி அதிகாரியோடு சுற்றுவதில் மூன்று, நான்கு மாதம் போகும். தனியாக ரோந்து போகும்போது அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்க மிஞ்சுவது இரண்டு, மூன்று மாதம்தான். கல்லூரியை முடித்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று ஒரு சொற்றொடரை மாற்றினாலே போதும். நேர்முகத் தேர்வில் வடிகட்ட முடியாததை இங்கே வடிகட்டலாம்.

பதவி உயர்வில் பணிமூப்பு தரும் எடைக்குச் சங்கத்தை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. டெக்சாஸ் உள்ளாட்சிச் சட்டத்தின் 143-ஆம் அத்தியாயமே எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணோடு ஆண்டுக்கு ஒரு மதிப்பெண் வீதம் பத்து வரை பணிமூப்புக்குச் சேர்க்கச் சொல்கிறது. அதைத் தளர்த்த நகரத்துக்கு உள்ள வழிகளில் ஒன்று, வேடிக்கையாக, சங்கத்தோடு போடும் ஒப்பந்தம்.

பயிற்சிக்கு வருவோம். குறைந்தபட்ச மணி நேரத்தைக் காவலர் பயிற்சிக்கான மாநில ஆணையம் விதிக்கும். எப்போது, யார், எந்தச் சம்பளத்தில் என்பதை ஒப்பந்தம் விதிக்கும். 800 பேர் உள்ள துறையில் ஆளுக்கு 40 மணி நேரம் புதுப்பயிற்சி என்றால் 32,000 மணி நேரம். அதாவது பதினைந்து முழுநேரக் காவலர்களின் ஓராண்டு உழைப்பு. கட்டாயப் பயிற்சி வேலை நேரமாகத்தான் கணக்காகும். கூட்டாட்சிச் சட்டத்தில் காவலருக்கு 28 நாளில் 171 மணி நேரம் வரை ஓவர்டைம் வராமல் கணக்கிட வழி உண்டு. ஆனால் ஷிப்டைத் தாண்டியதுமே ஓவர்டைம் என்று ஒப்பந்தம் சொன்னால் அந்த வசதி போச்சு. நிர்வாகம் பிறகு என்ன செய்யும்? நேரடிப் பயிற்சியை வெட்டிவிட்டு, ஆளுக்கொரு காணொளியை அனுப்பி 'முடித்தார்' என்று குறித்துக்கொள்ளும். களப்பயிற்சி அதிகாரியைப் பணிமூப்பு வரிசையில் எடுக்கும் பிரிவு இதைவிட மோசம். கல்லூரியில் கற்றதை முதல் வாரமே மறக்கச் சொல்லும் ஆள் அந்த வரிசையில் முன்னால் நிற்கக்கூடும். அதற்கு அவருக்குத் தனிப்படியும் உண்டு.

ஒழுங்கு நடவடிக்கைதான் ஒப்பந்தம் முழுசாக ஆளும் இடம். புகார் வாசலிலேயே தொடங்கும். சிகாகோவில் நெடுங்காலம் புகார்தாரர் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. பெயர் சொல்ல அஞ்சியவரின் புகார் பெரும்பாலும் அங்கேயே படுத்துவிடும். மாநிலச் சட்டம் அந்த நிபந்தனையை 2021-ல்தான் எடுத்தது. அடுத்தது, காவலரை விசாரிக்கும் முன் அவருக்குத் தரும் அவகாசம்: பல ஒப்பந்தங்களில் 48 மணி நேரம். இதைப் பற்றித்தான் எல்லோரும் கூச்சலிடுகிறார்கள். என் கணிப்பில் அவகாசத்தைவிடக் கேடானது, வாக்குமூலம் தரும் முன்பே காணொளியையும் சாட்சிகளின் கூற்றையும் காவலருக்குக் காட்டும் பிரிவு. ஆதாரத்தைப் படித்துவிட்டு வருபவரின் கதை ஆதாரத்தோடு கச்சிதமாகப் பொருந்தாமல் என்ன செய்யும்?

ஒன்றை ஒப்பந்தத்தின் தலையில் கட்டக் கூடாது. வேலை போய்விடும் என்று மிரட்டி வாங்கிய வாக்குமூலத்தைக் குற்ற வழக்கில் பயன்படுத்தக் கூடாது என்பது 1967-ல் கேரிட்டி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. துறை விசாரணையும் குற்ற விசாரணையும் இரண்டு தனிக் குழுக்களாக, அந்த வாக்குமூலம் குற்ற விசாரணைக் குழுவின் கைக்குப் போகாமல் நடக்க வேண்டியிருப்பது அதனால்தான். அங்கே குளறுபடி நடந்தால் பழி நிர்வாகத்துக்கு.

காலக்கெடு அடுத்த கண்ணி. டெக்சாஸின் அதே 143-ஆம் அத்தியாயத்தில், தண்டனை தரும் நாளுக்கு முந்தைய 180 நாளுக்குள் நடந்த செயலைத்தான் பொதுவாகக் குற்றச்சாட்டில் சேர்க்க முடியும். காணொளி ஏழாவது மாதம் வெளியே வந்தால், ஆள் தப்பித்தார்.

இவை எல்லாம் வந்து சேரும் இடம் நடுவர். பல இடங்களில் ஏழு பெயர் கொண்ட பட்டியல் வரும். நகரமும் சங்கமும் மாறி மாறி ஒரு பெயரை அடிக்கும். கடைசியில் மிஞ்சுபவர்தான் நடுவர். ஏதாவது ஒரு பக்கமே தொடர்ந்து சாய்ந்தால் அடுத்த பட்டியலில் தன் பெயர் முதலில் அடிபடும் என்று அவருக்குத் தெரியும். பணிநீக்கம் முப்பது நாள் சம்பளமில்லா இடைநீக்கமாகச் சுருங்குவதில் ஆச்சரியம் ஏதுமில்லை. 2006 முதல் 37 பெரிய துறைகள் குறைந்தது 1,881 பேரை நீக்கியதையும், மேல்முறையீட்டில் 450-க்கும் மேற்பட்டவர்களைத் திரும்பச் சேர்க்க நேர்ந்ததையும் வாஷிங்டன் போஸ்ட் 2017-ல் எண்ணிக் காட்டியது.

ஆனால் இத்தகைய தீர்ப்புகளில் அடிக்கடி வரும் காரணத்தைப் பாருங்கள்: இதே தவறுக்குப் போன முறை வேறொருவருக்கு ஐந்து நாள் இடைநீக்கம்தானே கொடுத்தீர்கள்? அதற்கு நிர்வாகத்திடம் பதில் இருக்காது. கூடவே பதிவு அழிப்புப் பிரிவும் வேலை செய்யும். ஒரே காவலர் மூன்றாவது முறை கை ஓங்கினாலும், காகிதத்தில் அது முதல் முறை. ஐந்தாண்டில் பதிவுகளை அழிக்கச் சொன்ன சிகாகோ ஒப்பந்தப் பிரிவு பொதுக்கொள்கைக்கு முரண் என்று இல்லினாய் உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்ல வேண்டியதாயிற்று.

மாற்றம் எங்கே சாத்தியம் என்பதற்கு மினசோட்டா நல்ல உதாரணம். அங்கே 2020 சட்டம் காவலர் வழக்குகளுக்கென்று தனி நடுவர் பட்டியல் வைத்து, பெயரடிக்கும் முறையை நீக்கி, சுழற்சியில் ஒதுக்கச் செய்தது. வாஷிங்டன் மாநிலமும் 2021-ல் ஏறக்குறைய அதே வழியில் போனது. சங்கம் அப்படியே இருக்கிறது, மேல்முறையீட்டு உரிமையும் இருக்கிறது. நடுவரைப் பொறுக்கும் விளையாட்டு மட்டும் போனது. மேலதிகாரியின் ஊழலை அம்பலப்படுத்திய காவலரையும் இதே 'நியாயமான காரணம்' பிரிவுதான் காக்கிறது என்பதால், ஒப்பந்தத்தையே ஒழி என்போரின் பக்கம் என்னால் நிற்க முடியவில்லை.

அடுத்த முறை இப்படி ஒரு மறுநியமனச் செய்தியை மொழிபெயர்க்கும்போது, நடுவர் எந்தக் காரணத்துக்காகத் தண்டனையைக் குறைத்தார் என்பதையும், அந்த ஒப்பந்தம் எந்த ஆண்டு, எந்த மேயர் காலத்தில் கையெழுத்தானது என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொழிலாளர் சட்டத் துறை வாசகர் ஒருவர்