என் கை ஒல்லியாக இல்லை, தம்பி

அன்புள்ள தம்பி,

டிசம்பர் 1 எய்ட்ஸ் தினத்துக்கு எச்.ஐ.வி. இருக்கிற என்னை ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று போன வாரம் தாம்பரத்துக்கு வந்தீர்களே, அப்போது எனக்கு வாய் வரவில்லை, ராத்திரி படுத்த பிறகுதான் எல்லாம் வரிசையாக வந்தது. முகம் தெரியாமல் எடுக்கிறேன் என்றீர்கள், சரி, அது நானே கேட்டதுதான். ஆனால் ஜன்னலைச் சாத்தி, என்னை மூலையில் உட்காரவைத்து, "அக்கா, கொஞ்சம் சோர்வா உட்காருங்க, கை ஒல்லியா தெரியணும்" என்றீர்கள். இது இருபது வருஷமாகத் தையல் மிஷினில் உழைக்கிற கை. என் எடை 68 கிலோ, சுகர்தான் கொஞ்சம் இருக்கிறது.

அந்த ஒல்லிக் கை உங்கள் மனதுக்குள் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் அது உண்மையும்கூட. 1986-ல் இதே சென்னையில்தான் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் நாட்டிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அப்புறம் மருந்து வந்தது, ஆனால் எங்களுக்கு எட்டாத விலையில். தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி வார்டில் எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், என் வீட்டுக்காரரும் அப்படித்தான் போனார். 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக, இந்தக் கிருமியை அடக்கி வைக்கிற ஏ.ஆர்.டி. மாத்திரை தர ஆரம்பித்த முதல் ஆஸ்பத்திரிகளில் அதே தாம்பரமும் ஒன்று. அவர் முந்தின வருஷமே போய்விட்டார்.

இப்போது எனக்கு ராத்திரி ஒரே ஒரு மாத்திரை. ரத்தத்தில் கிருமி டெஸ்ட்டில் தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நின்றால், உடலுறவில் இன்னொருவருக்குத் தொற்றாது. எனக்குப் பல வருஷமாக ரிசல்ட் அப்படித்தான் வருகிறது. சாத்தின ஜன்னலில் இது எங்கே தெரியும்?

எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காகப் புள்ளிராஜா விளம்பர போர்டு வைத்தபோது நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று ஊர் முழுக்க. எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள், நல்லதுதான். ஆனால் பஸ்ஸில் பசங்கள் அதைச் சொல்லிச் சிரிக்கும்போது, புருஷனைத் தவிர யாரையும் அறியாத நான் வெளியே பார்த்துக்கொண்டு வருவேன். (பார்த்தீர்களா, எனக்கு நானே நற்சான்றிதழ் கொடுத்துக்கொள்கிறேன். அப்படிச் சொன்னால்தான் இரக்கப்படுவார்கள் என்று பழகிவிட்டது. வேறு விதமாக வந்தவர்களுக்கு மட்டும் என்னவாம்?)

முகம் காட்டாததற்குக் காரணம் வெட்கம் இல்லை, வீட்டு ஓனர். 2017 எச்.ஐ.வி. சட்டப்படி இந்தத் தொற்றைக் காரணம் காட்டி வாடகைக்கு வீடு இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் "பையனுக்குக் கல்யாணம், காலி பண்ணுங்க" என்று சொன்னால் நான் எங்கே போய் நிரூபிப்பது? மகளுக்கு வேறு வரன் பார்க்கிறோம். கௌசல்யா பெரியசாமி மாதிரி 1998-லேயே எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்று அமைப்பு தொடங்கி, முகம் காட்டிப் பேசினவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன், எனக்கு இன்னும் அந்தத் தைரியம் வரவில்லை.

இன்னொரு தடவை வாருங்கள், சாயங்காலம் நாலு மணிக்கு. அப்போது வெயில் மிஷின் மேலேயே விழும். ஊசியில் நூல் கோர்க்கும்போது கையை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் தொங்குகிற பிளவுஸ்களில் கஸ்டமர் பேர் எழுதின சீட்டு குத்தியிருக்கும், அதை மட்டும் கழற்றி வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
தையல்கடை அக்கா