காட்டோர விடுதிக்காரர்களுக்கு: பொழுது சாய்ந்ததும் வூஃபரை அணைத்துவிடுங்கள்

நீலகிரியிலும் வால்பாறையிலும் காட்டை ஒட்டி விடுதி நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். சாயங்காலமானால் உங்களில் பலர் புல்தரையில் தீ மூட்டி, பெரிய ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிறீர்கள். கேட்டால், "பத்து மணிக்கு நிறுத்திவிடுகிறோமே" என்பீர்கள். இரவு பத்துக்கு மேல் வெளியே ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், சரி. ஆனால் பகலில் சோலைக்குள் ஒதுங்கியிருக்கும் வால்பாறை யானைகள் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து இடம் மாறத் தொடங்குவதே பொழுது சாயும்போதுதான்.

யானையின் பேச்சு பிளிறலோடு முடிவதில்லை. 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் விலங்குக் காட்சிச்சாலையில், ஆசிய யானைகளின் அருகே நின்ற கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். சத்தம் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஒலிநாடாவில் பதிவுசெய்து, அதை வேகமாக ஓட்டியபோதுதான் யானைகளின் உறுமல் காதில் விழுந்தது. 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையிலான, அதாவது வினாடிக்கு அத்தனை முறை அதிரும் ஒலி அது. சுமார் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நம் காதுக்குக் கேட்காது. இவ்வளவு தாழ்ந்த ஒலி மரம், புதரில் அதிகம் தேயாமல் கிலோமீட்டர் கணக்கில் போகும். மேய்கிற கூட்டம் திடீரென்று அசையாமல் நின்று காதை விரிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தொலைவில் பிரிந்து மேயும் உறவின் குரலுக்குக்கூட அப்படி நிற்கும்.

உங்கள் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலியை எழுப்பும் வூஃபர் 'தும் தும்' என்று அதிர்வதும் அந்த உறுமலை ஒட்டிய தாழ்ந்த ஒலியில்தான். பாட்டின் வரிகள் வேலியோடு நின்றாலும் அந்த அதிர்வு காட்டுக்குள் போய்விடும்.

யானை மட்டுமா? முதுமலைப் பக்கம் மரத்திலிருந்து மந்தி புலியைக் கண்டு கத்தினால், கீழே புள்ளிமான்கள் உஷாராகிவிடும். சிதறிய செந்நாய்கள் சீழ்க்கையடித்தே ஒன்றுசேரும். இருட்டில் கடமான் ஆபத்தை அறிவது பெரும்பாலும் மூக்காலும் காதாலும்தான்; நாம் அதில் ஒன்றை அடைத்துவிடுகிறோம்.

பாட்டே கூடாது என்று சொல்லவில்லை. ஸ்பீக்கரை அறைக்குள் கொண்டுபோங்கள். வூஃபரைப் பொழுது சாய்ந்ததும் அணைத்துவிடுங்கள். யானையைக் கண்டால் ஹாரன் அடிக்க வேண்டாம் என்று ஜீப் ஓட்டுநர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். விருந்தினர்களுக்குப் பொழுது போகாதே என்ற பயம் வேண்டாம். வராந்தாவில் அவர்களை உட்காரவைத்து, உங்களிடம் வேலை செய்யும் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட இருத்துங்கள். இருட்டில் கேட்கும் குரல்களில் எது கடமான், எது பக்கிக்குருவி என்று அவர் சொல்லச் சொல்ல, வந்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். அந்த நேரத்துக்கு அவருக்குத் தனிச் சம்பளமும் கொடுங்கள்.

கோடை சீசன் தொடங்குமுன் உங்கள் சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து ஊர்க்காரன்