சிவப்புச் சீட்டு அனுப்பியவன் காதலனா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் கல்லூரி மாணவிகள் பார்க்க வேண்டிய கொரியத் தொடர்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, முதலிடத்தை 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' தொடருக்குக் கொடுத்து, அழகான காதல் கதை என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. லீ மின்-ஹோவை எனக்கும் பிடிக்கும், 25 பகுதிகளையும் முழுதாகப் பார்த்தவள்தான் நான்.

2009-இல் கொரியாவின் கேபிஎஸ் 2 தொலைக்காட்சியில் வந்த தொடர் இது. சலவைக் கடைக்காரர் மகள் ஜான்-டி, பெரும் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஷின்ஹ்வா பள்ளிக்குள் வருகிறாள். அங்கே எஃப்4 என்ற நான்கு பையன்கள் வைத்ததுதான் சட்டம், அவர்களுக்குத் தலைவன் ஜுன்-பியோ, அதுதான் லீ மின்-ஹோ. அவர்களைப் பகைத்துக்கொண்டவருக்கு ஒரு சிவப்புச் சீட்டு வரும், வந்துவிட்டால் மொத்தப் பள்ளியும் அவர் மீது பாயும். தொடர் ஆரம்பிப்பதே, அப்படிச் சீட்டு வாங்கிய ஒரு மாணவன் மொட்டை மாடியில் நின்று உயிரை விடப் பார்க்கிற காட்சியில்தான். சலவைத் துணி கொடுக்க வந்த ஜான்-டிதான் அவனைக் காப்பாற்றுகிறாள்.

ஒரு பையனைச் சாகிற அளவுக்குத் துரத்திய ஆளை, அடுத்த சில பகுதிகளிலேயே நாம் காதலனாக ஏற்றுக்கொள்ள வேண்டுமாம். ஜான்-டிக்கும் சிவப்புச் சீட்டு வருகிறது, அவள் மீது முட்டையும் மாவும் விழுகின்றன. அப்புறம் அவன் ஆட்களை அனுப்பி அவளைத் தன் மாளிகைக்குத் தூக்கி வரச் செய்கிறான், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடி, முகம், உடை எல்லாவற்றையும் மாற்றி, கண்ணாடி முன்னால் நிறுத்துகிறான். ஒரு பள்ளி மாணவியைக் கடத்திக்கொண்டு போகிற இந்தக் காட்சியை வேடிக்கையாக எடுத்திருக்கிறார்கள். சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள், சிரிப்பு வராது. அவள் மறுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறாள், ஆனால் கதை அவள் மறுப்பை மதிப்பதே இல்லை. பிறகு யாரோ சதி செய்து எடுத்த படத்தை நம்பி அவளை நம்பாமல் போகிறான், பள்ளி மறுபடியும் அவளை அடிக்கிறது, கடைசியில் அவனே வந்து கையில் ஏந்திக்கொண்டு போகிறான். அந்த இடத்தில் நாம் உருக வேண்டும். கூட்டமாகச் சேர்ந்து அடிக்கும் பழக்கத்தை அந்தப் பள்ளிக்குப் பழக்கியதே அவன்தானே?

நடிகர் தேர்வுக்கு வருகிறேன். பலர் இதைத் தனிக் குறையாகச் சொல்வார்கள், என்னைப் பொறுத்தவரை கதையின் குறையும் இதுவும் ஒன்றுதான். ஜான்-டி எதிர்த்து நிற்கிற பெண், ஜுன்-பியோவையே காலால் உதைத்தவள். அப்போது 24 வயதான கூ ஹே-சன், பள்ளி மாணவியாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தோ என்னவோ, கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து, குரலை உயர்த்தி அவளைச் சின்னக் குழந்தையாக்கிவிட்டார். அவள் வலி நமக்கு வலியாகப் படுவதே இல்லை. மாற்றாக வரும் மென்மையானவன் ஜி-ஹூவாக எஸ்எஸ்501 என்ற இசைக்குழுவின் பாடகர் கிம் ஹியூன்-ஜூங். வயலினோடு நிற்கும்போது அழகு, வாயைத் திறந்தால் எல்லா வசனமும் ஒரே சுருதி. நால்வரில் ஒருவரான வூ-பினாக வரும் கிம் ஜூனும் பாடகர்தான், அவருக்குக் கதை என்று ஒன்றையும் எழுதவே இல்லை. ஆக, இளையவர்களில் உயிரோடு இருப்பது லீ மின்-ஹோ ஒருவர்தான், அந்த வருடம் கொரியாவின் பேக்சாங் கலை விருதில் சிறந்த புதுமுகமானது சும்மா இல்லை. அவர் சிரித்தால் ஜுன்-பியோ செய்ததெல்லாம் மறந்துபோகிறது. எதிரே சமமாக நிற்க ஒரு நடிகை இருந்திருந்தால் மறந்திருக்காது.

பெரியவர்களைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஜுன்-பியோவின் அம்மாவாக வரும் லீ ஹே-யங் பணத்தோடு வந்து நிற்க, ஜான்-டியின் அம்மா இம் யே-ஜின் அவர் தலையில் உப்பைக் கொட்டுகிற காட்சி ஒன்று போதும். அந்த ரோஷத்தில் பாதியாவது கதாநாயகிக்கு வந்திருக்கக் கூடாதா என்று ஆதங்கமாக இருக்கிறது.

அந்தக் காலத்துத் தொடர் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லாதீர்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2007-இல் 'காஃபி பிரின்ஸ்' வந்துவிட்டது. அதன் கதாநாயகி யூன் யூன்-ஹேயும் பேபி வாக்ஸ் இசைக்குழுவின் பழைய பாடகிதான். முடியை வெட்டிக்கொண்டு, பையனைப் போல நடந்து, சாப்பாட்டை அள்ளி அடைத்துக்கொண்டு சாப்பிடுகிற அந்தப் பெண்ணை நான் நம்பினேன். அவளை ஆண் என்று நினைத்தே மனதைப் பறிகொடுத்துவிட்டு, கதாநாயகனாக வரும் காங் யூ தவிப்பார். அவர் போராட்டம் பெரும்பாலும் தனக்குள்தான், அவள் மீது ஆள் ஏவிவிடவில்லை.

புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழில் பேசவைத்த நாளிலிருந்து இந்த முகங்கள் நம் வீடுகளுக்குப் பழக்கம். தமிழ்ப் படத்தில் கதாநாயகன் பெண்ணின் பின்னால் அலைந்தால் உங்கள் விமர்சகரே காட்டமாக எழுதுகிறார், எழுதவும் வேண்டும். அதையே சியோலில் ஒரு கோடீஸ்வரப் பையன் செய்தால் எப்படி அழகான காதலாகிறது?

பட்டியலை அடுத்த முறை போடும்போது 'காஃபி பிரின்ஸ்' தொடரை மேலே வையுங்கள். 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் அந்தச் சிவப்புச் சீட்டைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்