முகப்பில் சட்டம்தான் பேச வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் கென்டக்கியில் 2015ல் கிம் டேவிஸ் என்ற அதிகாரி, தம் சமய நம்பிக்கையைச் சொல்லி ஒருபாலினத் தம்பதிகளுக்குத் திருமண உரிமம் தர மறுத்தார். நீதிமன்ற உத்தரவையும் மீறியதால் சிறைக்குப் போனார். அவர் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சேவை முகப்பில் அவர் உட்கார்ந்திருந்தது அரசாங்கத்தின் சார்பில்.

நம் சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவும் சமய உரிமையை எல்லாருக்கும் தருகிறது. 2021 நவம்பரில் பொது மருத்துவமனைத் தாதியர் தூடோங் (முஸ்லிம் பெண்கள் அணியும் தலைத்துணி) அணிய அனுமதி கிடைத்தபோது மகிழ்ந்தேன். அதனால் எந்த நோயாளிக்கும் சேவை மறுக்கப்படாது. விபூதி பூசி வேலைக்கு வருபவருக்கும் இதே நியாயம்தான். ஒரு வேலையைச் செய்ய மனம் ஒப்பவில்லையா, சரி, மேலதிகாரியிடம் முன்பே சொல்லி வேறு பொறுப்பு கேட்கலாம். வரிசையில் நிற்பவரைத் திருப்பி அனுப்பக்கூடாது.

வாசகர், ஈசூன்