செட்டில்மென்ட் என்றால் இங்கே வேறு பொருள்

மெல்போர்ன்,
22-3-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் இங்கு நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல்.

சென்ற வாரம் தொலைபேசியில் "செட்டில்மென்ட் முடிந்துவிட்டது" என்று நான் சொன்னதும், "யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டீர்கள். காட்பாடி சார்பதிவாளர் அலுவலக வாசலில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பத்திரம் எழுதியவர் அப்படித்தான் கேட்பார். நம் ஊரில் செட்டில்மென்ட் என்றால் தகப்பன் மகளுக்கோ அண்ணன் தம்பிக்கோ பணம் வாங்காமல் எழுதி வைக்கும் பத்திரம். இங்கேயோ, விலை பேசிய வீட்டின் மீதிப் பணம் விற்பவருக்குப் போய்ச் சேர்ந்து, வீடு வாங்குபவர் கைக்கு வரும் நாளுக்கு அந்தப் பெயர். அன்று விளக்கிச் சொல்ல நேரம் போதவில்லை. ஆகவே முழுவதையும் எழுதுகிறேன்.

போகியன்று, ஜனவரி 13-ஆம் தேதி, மெல்ட்டன் பகுதியில் உள்ள வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டோம். விலை 5,80,000 டாலர். அதில் பத்தில் ஒரு பங்கான 58,000 டாலர் முன்பணம். இந்தத் தொகை விற்பவர் கைக்கு நேரே போகவில்லை. தரகரின் டிரஸ்ட் கணக்கில் பத்திரமாக இருந்தது. அட்வான்ஸை வாங்கிச் செலவழித்துவிட்டுக் கிரயம் செய்து தராமல் இழுத்தடித்தவர்களைப் பற்றி உங்கள் மேசையருகே அமர்ந்து எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! அதனால்தான் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

கையெழுத்திடும் முன்பே விற்பவர் ஓர் அறிக்கை தர வேண்டும் என்று இந்த விக்டோரியா மாநிலத்தின் 1962-ஆம் ஆண்டு நில விற்பனைச் சட்டம் 32-ஆம் பிரிவில் சொல்கிறது. வீட்டின் மீதுள்ள அடமானம், பிறருக்கு உள்ள வழி உரிமை, செலுத்த வேண்டிய வரிகள், கடந்த ஏழு ஆண்டுகளில் பெற்ற கட்டட அனுமதிகள் எல்லாம் அதில் இருக்கும். ஏலத்தில் வாங்காத வீடு என்பதால், கையெழுத்திட்ட பின்னும் மூன்று வேலை நாட்களுக்குள் மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம். ஆயிரத்துக்கு இரண்டு டாலர் வீதம், எங்கள் கணக்கில் 1,160 டாலர், விட்டுக்கொடுத்தால் போதும்.

நீங்கள் அடுத்துக் கேட்கப்போவது மூலப்பத்திரத்தையும் முப்பது ஆண்டு வில்லங்கத்தையும் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும். தாத்தாவின் பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்றும், உங்களுடையதில் வேலூர் மாவட்டம் என்றும் இருப்பதை வரிசையாக இணைத்து, சக்குபந்தி, அதாவது நான்கு பக்க எல்லை விவரம், ஒத்துப்போகிறதா என்று விரல் வைத்துப் படிக்க நீங்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். நம்மிடம் பதிவாவது பத்திரம். அதை எழுதிக் கொடுத்தவருக்கு உண்மையில் உரிமை இருந்ததா என்பதைப் பதிவு அலுவலகம் உறுதி செய்வதில்லை. இங்கே பதிவாவது உரிமையே. அடிலெய்டில் சுங்க அதிகாரியாக இருந்த ராபர்ட் டாரன்ஸ் என்பவர் முயன்று 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் இந்த முறையைச் சட்டமாக்கினார். 1862-இல் விக்டோரியாவும் ஏற்றுக்கொண்டது. அரசின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அதற்கு அரசே பொறுப்பு. பழைய பத்திரங்களின் சங்கிலியைத் தேட வேண்டியதில்லை என்பதை அறிந்தபோது, பூதக்கண்ணாடியோடு இரவெல்லாம் விழித்த உங்கள் கண்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஒப்பந்தத்துக்கும் செட்டில்மென்டுக்கும் இடையே அறுபது நாட்கள். உங்கள் தொழிலுக்கு நிகரானவரை இங்கே கன்வேயன்சர் என்கிறார்கள். எங்களுக்கு ஒருவர், விற்பவருக்கு ஒருவர். அவர்கள் போட்ட கணக்கு ஒன்று உங்களுக்குப் பிடிக்கும். விற்பவர் ஜூன் 30 வரைக்குமான நகராட்சி வரியை முன்பே கட்டியிருந்தார். ஆண்டு வரி 1,825 டாலர், அதாவது நாளுக்கு 5 டாலர். செட்டில்மென்ட் நாளான மார்ச் 14 வரை அவர் பொறுப்பு. மீதி 108 நாட்களுக்கு 540 டாலரை நாங்கள் அவருக்குத் தர வேண்டும். தண்ணீர் வரிக்கும் இதே போல நாள் கணக்கு. வீடு கைமாறிய பிறகு பழைய பாக்கி என்று யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். முத்திரைத் தீர்வை நம் ஊரில் நூற்றுக்கு ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு அல்லவா. இங்கே முதல் வீடு வாங்குபவர்களுக்கு ஆறு லட்சம் டாலர் வரை தீர்வை விலக்கு உண்டு என்பதால் எங்களுக்கு அந்தச் செலவு இல்லாமல் போயிற்று.

கடைசி வாரத்தில் வீட்டை ஒருமுறை பார்வையிடும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. நாங்கள் போனபோது, ஒப்பந்தத்தில் வீட்டோடு சேர்த்து எழுதியிருந்த ஜன்னல் திரைகள் முன்னறையில் கழற்றப்பட்டிருந்தன. மாப்பிள்ளை "போகட்டும்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பத்திரத்தில் எழுதியதை விட்டுக்கொடுக்கலாகாது என்று வளர்ந்தவள் நான். கன்வேயன்சர் மூலம் எழுதினேன். இரண்டே நாட்களில் மாட்டிக் கொடுத்தார்கள்.

மார்ச் 14, வெள்ளிக்கிழமை. யாரும் எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை. கைரேகை, புகைப்படம், இரண்டு சாட்சிகள் என்று எதுவும் இல்லை. அடையாளச் சரிபார்ப்பு முன்பே முடிந்திருந்தது. இரு கன்வேயன்சர்களும் இரு வங்கிகளும் பெக்ஸா என்ற கணினித் தளத்தில் கையொப்பமிட, விற்பவரின் அடமானம் தீர்ந்து, பணம் கைமாறி, எங்கள் பெயரும் எங்கள் வங்கியின் அடமானமும் ஒரே மூச்சில் பதிவுக்குப் போயின. அடமானத்தில் இருக்கும் வீட்டை வாங்குபவர், வங்கியில் பணத்தைக் கட்டிவிட்டுப் பத்திரம் திரும்பி வருமா என்று நெஞ்சு படபடக்கக் காத்திருப்பாரே, அந்த இடைவெளி இங்கே இல்லை. பிற்பகலில், நான் வேலையில் இருக்கும்போதே, முடிந்துவிட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. மாலையில் தரகரிடம் சாவியை வாங்கிக்கொண்டோம். விற்றவரின் முகத்தை நாங்கள் இன்றுவரை பார்த்ததில்லை. அது மட்டும் எனக்குக் குறையாகவே இருக்கிறது. பதிவு முடிந்ததும் இரு வீட்டாரும் உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்த காட்சிகளைப் பார்த்தவள் அல்லவா.

சித்திரை பிறந்த பிறகு செட்டில்மென்டை வைத்துக்கொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்டதை நான் ஏற்க முடியாததற்கும் காரணம் உண்டு. ஒப்பந்தத்தில் எழுதிய தேதியை நாங்கள் தவறவிட்டால், தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் தண்ட வட்டி உண்டு. மேலும் தாமதித்தால் முன்பணமே போகக்கூடும். உங்கள் சொல்லைத் தட்டியதாக எண்ண வேண்டாம்.

சாவி இப்போது நம்மிடம் இருக்கிறது. வாடகை வீட்டை ஏப்ரல் கடைசியில் காலி செய்தால் போதும். ஆகவே பால் காய்ச்சுவதற்குச் சித்திரையில் நல்ல நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள். இங்கே ஏப்ரல் 6 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதன் பின் சித்திரைத் தொடக்கத்தில் சூரிய உதயம் ஏழு மணிக்குச் சற்று முன்பு. வேலூர் நேரத்தை அப்படியே எழுதாமல், இந்த உதயத்தைக் கொண்டு கணித்து எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகள்